ராத்திரியில் யார் விழித்திருக்கிறார்கள்?

மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் பிரஷர் இறங்காத அம்மாவிடம், உப்பைக் குறைத்தீர்களா, நடக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் வீடென்றால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ராத்திரியில் யார் விழித்திருக்கிறார்கள்?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் இருக்கிறது. படுத்து இரண்டு மணி நேரமானாலும் கண் மூடாது. மூடினாலும் நடுச்சாமத்தில் எழுந்து விளையாட்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் காட்டுக்குள் தனித்தனியாக நிற்கும் வீடுகள் நிறைய. கூப்பிடு தூரத்தில் திறந்த கிணறு, கொஞ்சம் தள்ளி ரோடு. பிள்ளை கதவைத் திறந்துகொண்டு போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு காது தூங்குவதே இல்லை. அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்டு என்றால் அந்த ஒரு காது எப்போதும் அம்மாவுடையதுதான்.

உடம்புக்குள் நடப்பது இது. நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். பகலில் 130 இருப்பவருக்கு இரவில் 104-லிருந்து 117-க்குள் வரும். ரத்தக் குழாய்களுக்கு அன்றாடம் கிடைக்கும் ஓய்வு அதுதான். தூக்கம் துண்டு துண்டானால் ஒவ்வொரு விழிப்பிலும் அட்ரினலின் சுரந்து அழுத்தம் மேலே ஏறுகிறது. இறக்கம் முழுதாக நடப்பதில்லை. சர்க்கரையின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 இளைஞர்களை 6 இரவுகள் வெறும் 4 மணி நேரம் தூங்க வைத்தார்கள். ஒரே வாரத்தில், சாப்பாட்டுச் சர்க்கரையைக் கையாளும் அவர்கள் உடம்பின் திறன் தெளிவாகக் குறைந்தது. அவர்கள் பட்டது 6 இரவு. இங்கே பல தாய்மார்களுக்கு அது 6 வருடம்.

கார்டிசால் என்ற ஹார்மோனை ‘டென்ஷன் ஹார்மோன்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காலையில் கண் விழித்த அரை மணி நேரத்தில் அது எழும்பி அன்றைய வேலைக்கு உடம்பைத் தயார் செய்கிறது, பொழுது சாயச் சாய இறங்குகிறது. ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினர், பெரியவர்களின் அம்மாக்களை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த அம்மாக்களுக்குக் கார்டிசால் கூடுதலாக இல்லை, குறைவாக இருந்தது. வருடக்கணக்காக அடித்துக்கொண்டே இருக்கும் அபாய மணிக்கு உடம்பு எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது போன்ற நிலை. காலையில் எழும்போதே கை கால் ஓய்ந்து கிடப்பதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், சொல்பவருக்கு இந்த ஆய்வைச் சொல்லுங்கள்.

இதற்கு முதல் மருந்து ராத்திரியைப் பங்கு போடுவது. ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். மூன்று சுற்று இடையறாமல் ஓடினால் நாலரை மணி நேரம். ஒருவர் 9:30-லிருந்து 2:00 வரை, மற்றவர் 2:00-லிருந்து 6:30 வரை. தன் முறையில் தூங்குபவர் என்ன சத்தம் கேட்டாலும் எழக் கூடாது. மொத்த நேரம் குறைவாகத் தெரியும். ஆனால் எட்டு முறை எழுந்து படுக்கும் 7 மணி நேரத்தைவிட, உடையாத நாலரை மணி நேரம் மறுநாளைத் தாங்க வைக்கும். வாரத்தில் ஒரு முழு இரவையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு முதல் வாரத்திலேயே குலைவதற்குக் காரணம் பெரும்பாலும் இடம். தூங்குபவர் அதே அறையில் படுத்தால் பிள்ளை அம்மாவையே தேடி வரும், அம்மாவின் காதும் மூடாது. வேறு அறை, பக்கத்து வீட்டுத் திண்ணை, மாமியார் வீடு என்று எங்காவது தள்ளிப் படுக்க வேண்டும். வாசல் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவு அசைந்தால் ஒலிக்கும்படி ஒரு சலங்கை. பிள்ளை வெளியே போவதைத் தடுக்க மட்டும் இல்லை சலங்கை. ‘போனால் சத்தம் கேட்கும்’ என்று தெரிந்த பிறகுதான் மூளை காவலைத் தளர்த்துகிறது. பிள்ளைக்குத் தூக்க மருந்தோ மெலடோனினோ வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

அடுத்தது பிரஷர் பார்ப்பது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். வருகிறவரிடம் பிள்ளை பள்ளிக்கோ தெரபிக்கோ போயிருக்கும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். பிள்ளை அலறிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு அந்த அலறலின் அளவு. கலவரம் அடங்கிய உடனேயும் பார்க்கக் கூடாது: அட்ரினலின் நொடிகளில் ஏறினாலும் கார்டிசால் உச்சத்துக்குப் போக 20, 30 நிமிடமாகும். பிள்ளை அமைதியான பிறகுதான் அம்மாவின் உடம்பு கொதிக்கிறது. அரை மணி நேரம் போகட்டும்.

டீ குடித்தும் அரை மணி நேரம் கழிய வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். புடவை, ஜாக்கெட் மேல் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பும். கை இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். பட்டை சின்னதாக இருந்தாலும் அப்படியே. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினாலே போதும்.

முதுகு வலியையும் பிரஷரையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டும். 10 வயதுப் பிள்ளை தரையில் படுத்து அடம்பிடிக்கும்போது இடுப்பை வளைத்துத் தூக்குகிறோம், முதுகு பிடிக்கிறது, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறோம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரைகள் பலவற்றின் வேலையையும் மழுங்கடிக்கும். மாத்திரை ‘கேட்காத’ பிரஷருக்குப் பின்னால் இது ஒளிந்திருப்பது சகஜம். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதுதான் தூக்குவதன் சூத்திரம்: 25 கிலோ பிள்ளையை 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், 20 செ.மீ.-இல் பிடிப்பதைவிட முதுகெலும்பின் மேல் விழும் திருகுவிசை இரண்டு மடங்கு. ஆபத்து இல்லாத இடமென்றால் தூக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அடங்கும்வரை காத்திருக்கலாம்.

பிள்ளை கடித்துத் தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விரல் மூட்டில் பட்ட கடி சீக்கிரம் சீழ் வைக்கும். பராமரிப்பின் பாரம் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்: மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்களுக்குச் சின்னக் காயம் ஆறவே மற்றவர்களைவிட 9 நாள் கூடுதலாக ஆனதை ஓஹையோவில் 1995-இல் அளந்து காட்டினார்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம். கேழ்வரகு சுகருக்கு நல்லது என்று இரண்டு உருண்டை களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை, கூடவே கீரை, பருப்பு. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளினால் இரும்புச் சத்து உடம்பில் சேரும். மூன்று மாதச் சராசரி சர்க்கரைச் சோதனை எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் பாருங்கள். 12-க்குக் கீழே இருக்கும் இரும்புக் குறைவுச் சோகையில் அந்தச் சோதனை சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும்.

இவ்வளவையும் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஆட்டிசமும் வேறு வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் 243 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய சோதனை 2014-இல் வெளியானது. மன அழுத்தத்தைக் குறைக்கும் குழுப் பயிற்சி, வாரம் ஒன்றரை மணி நேரம், 6 வாரம். நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற வேறு அம்மாக்கள். கவலையும் மனச்சோர்வும் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. இங்கே அதைத் தொடங்க 4 முதல் 6 குடும்பம் போதும், ஒரே பஸ் தடத்தில் இருந்தால் நல்லது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் அம்மாக்கள் அதிகம். அழுகிற மொழியில்தான் பேச முடியும், அதற்கும் இடம் கொடுங்கள்.

குழு செய்ய வேண்டிய பெரிய வேலை பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது. “அக்கா, புதங்கெழம ரெண்டு மணி நேரம் பாத்துக்கறீங்களா?” என்று கேட்பதற்கு முன்னால் நாலு வாரத் தயாரிப்பு வேண்டும். முதல் வாரம் அம்மா கூடவே இருக்க, அந்த அக்கா அரை மணி நேரம் விளையாட வேண்டும். இரண்டாம் வாரம் அம்மா வாசலில். மூன்றாம் வாரம் ஒரு மணி நேரம் தெருவைத் தாண்டி. நான்காம் வாரம்தான் இரண்டு மணி நேரம். கிழமையும் நேரமும் மாறக் கூடாது. யார் வருவார் என்று முன்கூட்டித் தெரிந்தால் பிள்ளை பாதிப் பயத்தை விட்டுவிடும், அந்த அக்காவின் போட்டோவைக் காலையிலேயே காட்டுங்கள். அம்மா அந்த இரண்டு மணி நேரத்தில் துணி துவைக்கக் கூடாது. தூக்கம், ரத்தப் பரிசோதனை, தன் டாக்டர், இவற்றில் ஒன்று.

யார் எத்தனை மணி நேரம் பார்த்தார் என்று நோட்டில் எழுதுங்கள். மனதில் எழுதிய கணக்குதான் குழுக்களை உடைக்கிறது. பெரும்பாலும் ஒரே அக்கா தலையில் எல்லாம் விழும், ஆறு மாதத்தில் அவருக்கே பிரஷர் வரும். அடித்துக்கொள்ளும் பழக்கமுள்ள பெரிய பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். அந்தக் கூடுதல் ஆளின் நேரத்தைக் கடனாக எண்ணக் கூடாது. ஸ்டெம் செல் போட்டால் சரியாகும் என்ற பேச்சு குழுவுக்குள் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்: ஆட்டிசத்துக்கு அது சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை, அம்மாவின் மருந்துக் காசும் அதோடு போய்விடும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள். குழுவில் ஒருவர் அன்று கூடவே இருக்க வேண்டும்.

நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் கை கால் தளர்வு, வாய் கோணுதல் என்றால் 108. பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசித்தே ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போகிறார்கள் நம் அம்மாக்கள். பீரோ கதவின் உள்பக்கம் ஒரே ஒரு தாள் ஒட்டி வையுங்கள். பிள்ளை பசியை, சிறுநீரை எப்படிக் காட்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், என்ன மருந்து எத்தனை மணிக்கு, வலிப்பு உண்டா, வந்தால் 5 நிமிடம் தாண்டியதும் 108. கடைசி வரியில், ராத்திரி எந்நேரமானாலும் வருவதாக ஒப்புக்கொண்ட இரண்டு பேரின் போன் நம்பர், சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம்.