டிராப்டு கெர்ப்: முற்றத்தில் கல் பதிக்கும் முன் கவுன்சிலைக் கேளுங்கள்

லண்டனில் வீடு வாங்கிய கையோடு நம்மவர்கள் பலர் முன் தோட்டத்தை எடுத்துவிட்டு, கல் பதித்து, கார் விட இடம் பண்ணுகிறார்கள். காசெல்லாம் செலவான பிறகுதான் வாசலுக்கு முன்னால் நடைபாதை ஓரத்தில் உயர்ந்து நிற்கும் கெர்ப் கல்லை, கார் ஏறும்படி யார் தாழ்த்தித் தருவார்கள் என்று விசாரிக்கிறார்கள். அப்படித் தாழ்த்திய கெர்ப்தான் டிராப்டு கெர்ப். தயவுசெய்து அதை முதலில் விசாரியுங்கள். முற்றம் உங்களுடையது, ஆனால் முற்றத்துக்கும் ரோட்டுக்கும் இடையில் உள்ள நடைபாதை பொதுச் சொத்து. உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், எவ்வளவு அழகாகக் கல் பதித்திருந்தாலும் காரை அங்கே ஏற்ற முடியாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதை நடத்துவது 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு. அனுமதி இல்லாமல் வழக்கமாக நடைபாதைக்கு மேலாக வண்டி ஏற்றி இறக்குபவருக்கு நோட்டீஸ் கொடுக்கவும், கவுன்சிலே அங்கே வண்டி ஏறும் பாதை போட்டுவிட்டுச் செலவை அவரிடம் வசூலிக்கவும் அது இடம் தருகிறது. நாமாகவே பாதை கேட்டு விண்ணப்பிப்பதும் இதே பிரிவின் கீழ்தான். கேட்பது நம் உரிமை. கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சில் கையில். பல கவுன்சில்களில் விண்ணப்பக் கட்டணம், மறுத்தாலும் திரும்பி வராது. அதனால் படிவத்தைத் தொடுவதற்கு முன் அளக்கும் டேப்பை எடுங்கள்.

முன்சுவரிலிருந்து நடைபாதை எல்லை வரை அளக்க வேண்டும். பே ஜன்னல் முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்து அளக்க வேண்டும். வரிசை வீடுகளில் பலருடைய கணக்கு தப்புவது அங்கேதான். பல கவுன்சில்கள் கேட்பது 4.8 மீட்டர் ஆழம், 2.4 மீட்டர் அகலம். சில இடங்களில் இது கூடும் குறையும், உங்கள் கவுன்சிலின் விதியைப் பாருங்கள். காரின் வால் நடைபாதைக்கு மேல் நீட்டி நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வரும் தாய், சக்கர நாற்காலிக்காரர், வெள்ளைக் கோலோடு நடப்பவர் எல்லாரும் அதற்காக ரோட்டில் இறங்க வேண்டியதாகிவிடும். இந்த விதியில் நான் முழுக்கக் கவுன்சில் பக்கம்.

'நாலு கல்லை இறக்க இவ்வளவு காசா?' என்று கேட்பவர்கள் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண கெர்ப் கல் ரோட்டு மட்டத்திலிருந்து சுமார் 125 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். கார் ஏறும் இடத்தில் அதை ஏறத்தாழ 25 மில்லிமீட்டருக்கு இறக்குவார்கள். அந்தச் சின்ன விளிம்பை விடுவது, மழைத்தண்ணீர் முற்றத்துக்குள் வராமல் ரோட்டோரமாகவே ஓடத்தான். ஒரு கல் 915 மில்லிமீட்டர் நீளம்; இரண்டு ஓரத்திலும் சரிவுக் கற்கள் வரும். அப்புறம் நடைபாதை. அது ஆள் நடக்கப் போட்டது, காரின் பாரத்தில் உடையும். எனவே அதைத் தோண்டி, அடித்தளத்தைப் பலமாக்கித் திரும்பப் போட வேண்டும். தோண்டினால் தண்ணீர்க் குழாய், காஸ் குழாய், டெலிபோன் கேபிள் எல்லாம் இருக்கும். வாசலுக்கு முன்னால் நடைபாதையில் சின்ன மூடி தெரிகிறதா? அதற்குக் கீழே தண்ணீரை நிறுத்தும் வால்வு இருக்கலாம். இவற்றையோ விளக்குக் கம்பத்தையோ நகர்த்த வேண்டி வந்தால் அந்தச் செலவும் விண்ணப்பித்தவர் தலையில்தான். தெருமரம் கிட்டத்தில் இருந்தால் பெரும்பாலும் மறுப்புத்தான், அதன் வேரைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா.

வேலையைச் சில கவுன்சில்கள் தங்கள் ஆட்களை வைத்தே செய்யும். சில, அங்கீகரித்த ஒப்பந்தக்காரரை நாமே பிடிக்க விடும். முற்றத்தில் கல் பதிக்கிற பில்டர் 'அதையும் சேர்த்து முடித்துத் தருகிறேன்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொது நடைபாதையைத் தோண்ட அவருக்கு அனுமதி வேண்டும். கெர்ப்போரம் பலகையோ ரப்பர் துண்டோ போட்டு ஏற்றுவதும் சரியில்லை. தண்ணீர் அடைபடும், ஆள் தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுக்கு வரலாம்.

திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) தனி விஷயம். வீடு ஏ, பி, சி என்று வகைப்படுத்திய சாலையில் இருந்தால், புதிய வாசலுக்கு டிராப்டு கெர்ப் அனுமதியோடு அதுவும் வேண்டும். ஃபிளாட் என்றாலும், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றாலும் முதலில் திட்டப் பிரிவைக் கேளுங்கள். முற்றத்துக்கும் ஒரு விதி உண்டு. இங்கிலாந்தில் 2008 அக்டோபர் முதல், முன் முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, தண்ணீரை ரோட்டுக்கு விட்டால் திட்ட அனுமதி தேவை. தண்ணீர் இறங்கும் கல்லோ சரளையோ போட்டால், இல்லையென்றால் தண்ணீரைப் பூப்பாத்திப் பக்கம் திருப்பிவிட்டால், அந்தத் தொல்லை இல்லை. தெரு வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் புரியும்.

பெர்மிட் பார்க்கிங் உள்ள தெருவில் உங்கள் வாசலுக்காக ஒரு பொது இடம் போய்விடும். அதை நீக்கப் போக்குவரத்து ஆணையையே திருத்த வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் மாதக்கணக்கில் காத்திருப்பும் வரலாம்.

பாதை கிடைத்த பிறகு எழும் சண்டை: 'என் வாசலை மறித்து யாரோ நிறுத்திவிட்டார்கள்.' இறக்கிய கெர்ப்புக்கு முன்னால் நிறுத்துவது, கவுன்சில் அபராதச் சீட்டு கொடுக்கக்கூடிய குற்றம். தனி வீட்டு வாசல் என்றால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு நிறுத்தலாம். அதனால்தான் பொதுவாக நீங்கள் புகார் செய்தால்தான் ஆள் வருவார்கள். ரோட்டில் போடும் வெள்ளைக் கோடு எச்சரிக்கை மட்டுமே. அந்த ரோட்டுத் துண்டு உங்கள் சொந்த பார்க்கிங் ஆகிவிடாது. மஞ்சள் கோடு இருந்தால் அது உங்களையும் கட்டுப்படுத்தும்.

வாடகை வீட்டில் இருப்பவர் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பாதை என்றால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும். வீடு வாங்கப் போகிறவர்கள், விற்பவர் 'கார் நிறுத்த இடம் இருக்கிறது' என்று காட்டினால் வாசலில் கெர்ப் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இறங்கியிருந்தாலும், கவுன்சில் கொடுத்த அனுமதிக் கடிதத்தை உங்கள் சொலிசிட்டர் மூலம் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.