‘ரொ’வில் தொடங்கும் பாட்டுகளும் ஒட்டிச் செய்த குரலும்

ஜப்பானில் கரோக்கே பாட்டுப் பட்டியலைத் தலைப்பின் முதல் எழுத்தை வைத்து அடுக்குவது வழக்கம். மனிதர் பாடாமல் கணினிக் குரல் பாடும் வோகலாய்டு பாட்டுகளையும் இப்படியே அடுக்கலாம். அப்படி அடுக்கினால் ‘ரொ’ எழுத்தின் கீழ் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த நான்கு தலைப்புகள் வந்து நிற்கும். ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரல் பாடிய ‘ரொமியொ தொ ஷின்தெரெரா’ (2009), ‘ரோரின் காரு’ (2010) என்ற இரண்டு. ககாமினே ரின் என்ற இன்னொரு கணினிக் குரல் பாடிய ‘ரொஷின் யூகாய்’ (2008), ‘ரொகி’ (2018) என்ற இரண்டு. கடைசிப் பாட்டில் ரின்னோடு சேர்ந்து ஒரு மனிதக் குரலும் பாடும்.

இந்த எழுத்து வரிசை நமக்குப் புதிதல்ல. அ, இ, உ, எ, ஒ என ஐந்து உயிர்கள். அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. வடமொழி நூல்களைப் படிக்கச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை இது. தமிழ் நெடுங்கணக்கும் அதே பிராமி மரபில் வந்ததுதான். நம் வரிசையில் ‘ப’ இருக்கும் இடத்தில் அங்கே ‘ஹ’ இருக்கிறது, ஏனென்றால் பழைய ஜப்பானிய மொழியில் அந்த ஒலி ‘ப’வாக இருந்தது.

பட்டியல் போடுகிறவருக்கு நான்கு பாட்டும் ஒரே ‘ரொ’தான். பாடும் மென்பொருளுக்கு அப்படி இல்லை. ‘ரொமி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஒ’ முடியும் முன்பே உதடுகள் மூடத் தொடங்கும், மூக்கு வழி திறந்துகொள்ளும், உயிரின் கடைசிப் பகுதியில் லேசாக மூக்கொலி ஏறும். ‘ரொஷி’யில் நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்பும், ‘ஒ’வின் நிறமே மாறும். ‘ரொகி’யில் மூச்சு சட்டென்று அடைபட்டு ஒரு கணம் மௌனம் வரும். ஆக, அந்த ‘ரொ’வின் பின்பாதி மூன்று இடத்திலும் மூன்று விதம். ‘ரொ’வைத் தனியாகப் பதிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே ஒட்டினால், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அதனால் வோகலாய்டு மென்பொருள் எழுத்துகளைச் சேமித்து வைப்பதில்லை. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும் மாற்றத்தைச் சேமிக்கிறது. ‘ரொமி’யைப் பாட அது எடுக்கும் துண்டுகள் இவை: மௌனத்திலிருந்து ‘ர்’, ‘ர்’இலிருந்து ‘ஒ’, ‘ஒ’விலிருந்து ‘ம்’, ‘ம்’இலிருந்து ‘இ’. ஒவ்வொரு துண்டும் ஓர் ஒலியின் நடுவில் தொடங்கி அடுத்ததன் நடுவில் முடிகிறது. ஒலிகள் ஓரளவு நிலையாக நிற்கும் இடம் நடுப்பகுதிதான், வெட்டி ஒட்ட அதுவே பாதுகாப்பான இடம். எழுத்து எழுத்தாகக் கேட்கும் பாட்டின் உயிர்ப்பு இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதிக்குச் சுமார் 500 இணைப்புகள் போதும். ஆங்கிலத்துக்குச் சுமார் 2,500 வேண்டும். ஐந்தே உயிர்களும், பெரும்பாலும் உயிரில் முடியும் அசைகளும் ஜப்பானிய மொழிக்குக் கொடுத்த சலுகை இது. ஆனாலும் வேலை சிறியதல்ல. தாழ்ந்த சுருதியிலும் உயர்ந்த சுருதியிலும் குரலின் நிறம் வேறுபடுவதால், அத்தனையையும் பல சுருதிகளில் பதிவுசெய்ய வேண்டும். மிக்குவுக்குக் குரல் கொடுத்த ஃபுஜிதா சாகி ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டுப் பாடவில்லை. பொருளற்ற அசைத் தொடர்களை, சுருதி பிசகாமல் சொல்லிக்கொண்டே போனார். சப்போரோவின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் அந்தக் குரலை 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடியில் இருந்த தொழில்நுட்பம் யமஹாவுடையது. 2000இல் பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய ஆய்வு, கென்மோச்சி ஹிதேகியின் தலைமையில் வளர்ந்து 2004இல் முதல் தயாரிப்பாக வெளிவந்தது.

துண்டுகளை ஒட்டினால் மட்டும் பாட்டு ஆகாது. சுருதியை மாற்ற வேண்டும். பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி கூடும், ஆனால் குரல் கீச்சென்று பொம்மைக் குரலாகிவிடும். தொண்டையில் பிறக்கும் அதிர்வோடு வாயும் மூக்கும் சேர்ந்து கொடுக்கும் ஒத்ததிர்வுகளும் மேலே நகர்ந்துவிடுவதே காரணம். வோகலாய்டு ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து, இந்த இரண்டையும் தனித்தனியாகக் கையாள்கிறது. அதிர்வுகள் புதிய சுருதிக்கு நகரும். ஒத்ததிர்வின் வடிவம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் எந்த சுரத்தில் பாடினாலும் அது மிக்குவின் குரலாகவே கேட்கிறது.

‘ரோரின் காரு’வின் நெட்டுயிர் இன்னொரு சிக்கல். முன்துண்டின் முடிவில் உள்ள ‘ஒ’வுக்கும் பின்துண்டின் தொடக்கத்தில் உள்ள ‘ஒ’வுக்கும் நிறம் சற்று வேறு. இடைப்பட்ட நீளம் முழுவதும் ஒன்றின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதாக மாறும்படி மென்பொருள் கணக்கிடுகிறது. எத்தனை தாளம் நீட்டினாலும் ஒட்டுப்போட்ட தையல் தெரியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காலக் கணக்கு. பாடகர் ஒரு சுரத்தில் ‘ஷி’ என்று பாடும்போது, தாளத்தில் சரியாக விழுவது ‘இ’. ‘ஷ்’ அதற்கு முன்பே தொடங்கிவிடும். ‘ர்’ நாக்கு ஒருமுறை தட்டி முடிந்துவிடும் ஒலி, அதற்குக் கொஞ்ச நேரம் போதும். ‘ஷ்’ இழுக்கும். ஒவ்வொரு மெய்யையும் அதன் நீளத்துக்கு ஏற்ப முந்தைய சுரத்தின் நேரத்திலிருந்து கடன் வாங்கித்தான் வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சுருதி சரியாக இருந்தும் பாட்டு தாளத்துக்குப் பின்தங்கியே கேட்கும்.

பாட்டு உருவாக்குகிறவர்கள் கட்டங்கள் நிறைந்த திரையில் சுரங்களை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் எழுத்தை இடுகிறார்கள். ‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்று உச்சரிக்கும் இலக்கண உருபு வந்தால், காதில் கேட்க வேண்டிய ‘வ’வையே இட வேண்டும். அப்புறம் நடுக்கம், மூச்சு, குரலின் அழுத்தம் எல்லாவற்றையும் கையால் வளைத்து வளைத்துத் திருத்துவார்கள். ஒரே மிக்கு ஒருவர் கையில் இயந்திரமாகவும் இன்னொருவர் கையில் அழுகிற பெண்ணாகவும் மாறுவது இந்த உழைப்பால்தான். 2022இல் வந்த வோகலாய்டின் ஆறாம் பதிப்பு, செயற்கை நுண்ணறிவால் பாடும் முறையைக் கற்ற குரல்களையும் சேர்த்துக்கொண்டது.

திரையில் எழுதி வைத்த பாட்டில், அடுத்து வரும் எழுத்தும் அது விழ வேண்டிய நேரமும் மென்பொருளுக்கு முன்பே தெரியும், கடன் வாங்க வழி உண்டு. மேடையில் வாசிக்க யமஹா 2017இல் தோளில் மாட்டும் வோகலாய்டு கீபோர்டை வெளியிட்டது. வரிகளை முதலிலேயே அதில் ஏற்றிவிடலாம். அடுத்த எழுத்து ‘ஷி’ என்று கருவிக்குத் தெரியும்; விரல் எப்போது விழும் என்று தெரியாது. அங்கே ‘ஷ்’ விரல் விழுந்த பிறகுதான் தொடங்க முடியும்.