காற்றாலைக்குப் பின்னால் காற்று என்ன ஆகிறது?

"காற்றாலை வந்தபிறகுதான் மழை போயிற்று." காற்றாலைகளின் மின் உற்பத்தியைக் கணிப்பது என் தொழில் என்று தெரிந்தால் போதும், ஊருக்கு ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். மழை தரும் அமைப்புகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் உருவாகின்றன; நூறு மீட்டர் உயரத்தில் சுற்றும் இறக்கை அவற்றை விரட்டிவிடாது. அதற்காக ஒன்றுமே ஆகாது என்று சாதிக்கவும் முடியாது. காற்றின் ஆற்றலை இறக்கைகள் எடுத்துக்கொள்வதால் பின்னால் காற்றின் வேகம் குறைகிறது.

2016, 2017 ஆண்டுகளில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வட கடலுக்கு மேல் பறந்தே இதை அளந்தார்கள். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டார்னியர் 128 விமானம் அது. மூக்கில் நீண்ட குழாய், அதன் நுனியில் உணர்கருவிகள். காற்றாலையின் அச்சு உயரத்துக்கே இறங்கி, காற்றாலைப் பண்ணையைக் கடந்துவரும் காற்றின் குறுக்கே போவதும் வருவதுமாக, ஏர் உழுவதுபோல் பறந்தது. நொடிக்குச் சுமார் 66 மீட்டர் வேகம். பத்து கிலோமீட்டர் அகலத்தைக் கடக்க இரண்டரை நிமிடம். அந்த நேரத்தில் காற்றின் வேகக்கோடு பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும். பள்ளத்தின் ஆழம், அதாவது வேகக் குறைவு, அதிகபட்சம் 40 சதவீதம். பண்ணைக்குப் பின்னால் பல பத்து கிலோமீட்டர் வரை அது தொடர்ந்தது.

எல்லா நாளும் இப்படி இல்லை. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த கடல்மேல் வரும்போது எடை மிகுந்த குளிர்க்காற்று அடியிலேயே தங்கிவிடும். மேலடுக்கும் கீழடுக்கும் எளிதில் கலவா. இழந்த வேகத்தை மேலிருந்து நிரப்ப ஆளில்லை. கடல் சூடாக, காற்று குளிர்ந்திருந்தால் கொதிக்கும் உலைபோல எல்லாம் கலந்து, பள்ளம் சீக்கிரம் மறைந்துவிடும்.

வெப்பமும் மாறுகிறது. அடுக்குகள் கலவாத நாட்களில் மேலே இருக்கும் வெப்பமான, உலர்ந்த காற்றை இறக்கைகள் கீழே இழுத்துக் கலக்கின்றன. விமானம் கண்ட மாற்றம் அரை டிகிரி அளவுதான். காற்றாலை வெப்பத்தை உண்டாக்கவில்லை, இருப்பதைக் கலக்குகிறது. மழைப் புகார் சொல்பவருக்கு இதைப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிடும்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு திட்டத்தில் இரவுநேரக் காற்றுவேக அளவுகள் மட்டும் சரிந்தன. காற்றுவேகம் அளக்கும் அனிமோமீட்டர் பழுது என்று அறிக்கை எழுதினேன். கருவியை மாற்றினார்கள், எண்கள் மாறவில்லை. காற்று வரும் திசையில் சில கிலோமீட்டரில் இன்னொரு பண்ணை நின்றதை நான் வரைபடத்தில் தேடவே இல்லை. பகல் சூட்டில் மறைந்த பள்ளம், தரை குளிர்ந்த இரவில் எங்கள் அளவீட்டுக் கோபுரம் வரை நீண்டிருக்கிறது. இப்போது புதிய திட்டம் வந்தால், கருவியைப் பார்க்குமுன் அந்தத் திசையில் பென்சிலால் ஐம்பது கிலோமீட்டர் கோடு போட்டுவிடுகிறேன்.