மூன்று மாதத்தில் மூன்று காயில்

"கடையில் டூப்ளிகேட் சரக்கைக் கொடுத்துவிட்டார்களா, தம்பி?" என்றார் பெரியவர். அவருடைய கிணற்று மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டியில் எரிந்தது மூன்றாவது காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள்.

பெட்டியைத் திறந்ததும் கருகிய வார்னிஷ் நெடி. கான்டாக்டர் என்பது காயில் காந்தமாகி இரும்புத் துண்டை இழுத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச். அதைக் கழற்றி இரும்புத் துண்டுகளை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய முகங்களில் நசுங்கிய எறும்புகள் தார் போல அப்பிக் கிடந்தன. காயிலின் மேல் பழியில்லை.

புதுக் காயிலை மீட்டரில் வைத்தேன்: 500 ஓம். இதை மட்டும் நம்பி 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.46 ஆம்பியர், நூறு வாட்டுக்கு மேல் சூடு. தீப்பெட்டி அளவுக் காயில் அதைத் தாங்குமா? ஆனால் நல்ல கான்டாக்டரில் அதே காயில் எடுப்பது சுமார் 30 மில்லி ஆம்பியர்தான்.

மீட்டர் தன் பேட்டரியிலிருந்து நேர்மின்னோட்டத்தை அனுப்புகிறது. அதற்குத் தெரிவது செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. மாறுமின்னோட்டமோ நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை திசை மாறுகிறது. காந்தப்புலமும் கூடவே மாற, காயிலே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி வரும் மின்னோட்டத்தை மறிக்கிறது. பாடநூலில் இது மின்மறுப்பு, பட்டறையில் ரியாக்டன்ஸ். 230ஐ 0.03ஆல் வகுத்தால் 7,600 ஓம் சொச்சம். மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த இம்பீடன்ஸ் இதுதான். இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் காண வேண்டும். இங்கே 500 என்கிற பக்கம் மிகக் குட்டை. தடுக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் ரியாக்டன்ஸுடையது.

அந்த ரியாக்டன்ஸோ இரும்பு முகங்கள் ஒட்டி உட்கார்ந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். முகங்கள் விலகியிருக்கையில் இதே காயில் 0.3 ஆம்பியர் வரை இழுக்கும். மின்னோட்டம் பத்து மடங்கானால் கம்பியில் சூடு நூறு மடங்கு. சுவிட்சைப் போடும் கணத்தில் எல்லாக் கான்டாக்டரும் இப்படித்தான் இழுக்கும். கண நேரம் என்பதால் பாதகமில்லை. எறும்பு விட்ட இடைவெளி சிறிதுதான், ஆனால் மோட்டார் ஓடும் மணிநேரமெல்லாம் அது இருக்கிறதே! மின்னழுத்தம் குறைந்து கான்டாக்டர் பாதியில் நின்றாலும் இதே கதிதான். காயிலைத் தனியாக மேசையில் வைத்து 230 வோல்ட் கொடுத்துச் சோதிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சோதனை முடிவதற்குள் காயில் முடிந்துவிடும்.

மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியிலுள்ள கெப்பாசிட்டரின் மின்னூட்டத்தை இறக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். முகங்களை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அரம் போட வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும்.

எல்லாம் முடித்து நிமிர்ந்தபோதுதான் பெட்டியோரம் செருகியிருந்த வேப்பங்குச்சியைக் கவனித்தேன். கான்டாக்டர் 'கர்'ரென்று இரைந்தால் மின்சாரம் இருக்கும்போதே பெரியவர் அதை வைத்து அழுத்துவாராம். குச்சியை ஒடித்துக் கிணற்றடியில் எறிந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.