பதினெட்டுப் பேர் இருந்த வீட்டில் ஒரு குழந்தை

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை, சிறுவர் வார்ட்டில் என் பணிநேரம் முடியவிருந்த வேளையில், ஒரு வயதும் எட்டு மாதமும் ஆன ஆண் குழந்தையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆறு பெரியவர்கள் ஒன்றாக உள்ளே வந்தார்கள். விடுமுறைக்காகக் கொழும்பிலிருந்து வந்து, நுவரெலியாவில் ஒரு பங்களாவை மூன்று நாட்களுக்கு எடுத்திருந்த குடும்பம் அது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தாத்தாவுக்காக மேசையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பையைக் குழந்தை மேசைவிரிப்போடு சேர்த்து இழுத்திருக்கிறான். குளிருக்காக அவனுக்கு ஒரு பனியனும் அதன்மேல் இரண்டு கம்பளிச் சுவெட்டர்களும் போட்டிருந்தார்கள். வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தபோதும் அவை ஈரமாகவே அவன் உடம்பில் இருந்தன. கழற்றினால் குளிர் பிடித்துவிடும் என்று பயந்து எவரும் கழற்றவில்லை. பொத்தான்களை அவிழ்த்ததும் பற்பசையின் புதினா மணம் வந்தது. கழுத்து வழியாகக் கையை விட்டு நெஞ்சு முழுவதும் பூசியிருக்கிறார்கள். சுவெட்டர்க் கை மேலேறியிருந்த முன்கையில் தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். கம்பளி சூட்டைப் பிடித்து வைத்திருந்த நெஞ்சிலோ கொப்புளங்கள் உடைந்து, அடியில் வெளிறிய தோல் தெரிந்தது. ஒரே கோப்பைத் தேநீர்தான் இரண்டு இடத்திலும் பட்டது.

எப்படி நடந்தது என்று கேட்டேன். "வீடு நிறைய ஆள் இருந்தோம் டொக்டர், பதினெட்டுப் பேர். எப்படி என்றே தெரியவில்லை" என்றார் குழந்தையின் மாமா.

அந்த ஏப்ரலில் இந்தப் பதிலை நான் கேட்டது நான்காவது முறை. பாடசாலை விடுமுறையும் வருடப்பிறப்பும் சேர்ந்து வரும் அந்த மாதத்தில் மலையகத்தின் வீடுகளும் நிரம்புகின்றன, எங்கள் கட்டில்களும் நிரம்புகின்றன. பதினெட்டுப் பேர் இருந்தும் எப்படி நடந்தது என்று எல்லோரும் வியக்கிறார்கள். பதினெட்டுப் பேர் இருந்ததால்தான் நடந்தது என்பதை எத்தனை முறை சொல்லியும் ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை. தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டில், பிள்ளை கண்ணில் படாவிட்டால் தாய் உடனே எழுந்து தேடுவாள். அங்கே பார்க்க வேறு ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். உறவுகள் கூடிய வீட்டில் தாய், பிள்ளை அத்தையிடம் இருப்பதாக நினைக்கிறாள். அத்தை, சற்று முன்புதான் தாத்தாவின் மடியில் கண்டதாக நினைக்கிறாள். தாத்தாவோ பிள்ளையை இறக்கிவிட்டுச் செய்தித்தாளை எடுத்திருப்பார். அவர் இறக்கிவிட்டதை எவரிடமும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அறை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். பலர் கூடிய இடத்தில் பாம்பு சாகாது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் வேண்டாம். ஒன்பது வயதுச் சிறுமிக்குக் குழந்தையைக் கொஞ்சத் தெரியும். அவன் அடுத்த நொடியில் எதை இழுப்பான் என்று ஊகிக்கத் தெரியாது. அந்தச் சிறுமியின் மேல் பிறகு விழும் பழியையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "இப்போது பத்து மணி, பதினொரு மணி வரை பிள்ளை உங்கள் பொறுப்பு மாமி" என்று சொல்லுங்கள்; அவர் "சரி" என்று வாயால் சொன்ன பிறகே நகருங்கள். அந்த ஒரு மணிநேரமும் அவர் கையில் தொலைபேசியும் வேண்டாம், கத்தியும் காய்கறியும் வேண்டாம். மாமியாரிடமும் நாத்தனாரிடமும் இப்படிப் பேசுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று தாய்மார்கள் என்னிடம் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. அதனால்தான் இதைத் தாய் சொல்வதை விட வீட்டின் மூத்தவர் ஒருவர் முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது என்கிறேன்.

மலையில் தண்ணீர் அவ்வளவு சூடாகாது என்று வாதிடும் படித்தவர்களும் இருக்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசில் கொதிப்பது உண்மைதான். ஆனால் 60 பாகைத் தண்ணீரே ஒரு வளர்ந்தவரின் தோலைச் சில நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. ஊற்றிப் பத்து நிமிடங்கள் ஆன தேநீரும் அவனுக்குக் கொதிநீர்தான்.

தேநீருக்கு அடுத்தபடியாக நாங்கள் காண்பது குளியல் வாளி. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடானாலும் வாடகைப் பங்களாவானாலும், பிள்ளையைக் குளிப்பாட்ட முதலில் வாளியில் சுடுதண்ணீரை ஊற்றித் தரையில் வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிறார்கள். அந்த இடைவெளியில் குழந்தை வாளிக்குள் கையை விடுகிறான், அல்லது பின்னால் நடந்து வந்து அதற்குள்ளேயே அமர்ந்துவிடுகிறான். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். சுடுதண்ணீரை அதன்மேல் கலந்து, உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். இவ்வளவுதான் செய்ய வேண்டியது, இதற்குச் செலவும் இல்லை. கேத்தலின் வயரை மேசை விளிம்பில் தொங்கவிடாதீர்கள். மேசைவிரிப்பைப் பங்களாவுக்குள் நுழைந்த உடனேயே மடித்து அலுமாரியில் வையுங்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தேநீர் குடிக்காதீர்கள். பலகாரம் சுடும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்வரை குசினிக் கதவு பூட்டியிருக்க வேண்டும்.

இனி, சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது. குளிர் பிடிக்கும் என்று பயந்து தண்ணீர் ஊற்றாமல் கொண்டுவருவதுதான் மலையகத்தில் என்னை மிகவும் வருத்தும் வழக்கம். சளி பிடித்தால் நாங்கள் ஒரு வாரத்தில் குணமாக்கிவிடுவோம். ஆழமாகிவிட்ட காயத்துக்குத் தோல் ஒட்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதன் தழும்பு பிள்ளையோடு வளரும். முதலில் நனைந்த உடையைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காமல் விட்டுவிடுங்கள். கையில் வளையலோ இடுப்பில் அரைஞாணோ காயத்தின் பக்கத்தில் இருந்தால், வீக்கம் வருமுன் அகற்றுங்கள். பிறகு காயம் பட்ட இடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடங்கள் ஓடவிடுங்கள், அந்த நேரம் முழுவதும் உடம்பின் மற்றப் பகுதியைக் கம்பளியால் நன்றாகப் போர்த்திவையுங்கள். மலைக் குழாயில் வரும் தண்ணீரின் குளிர்ச்சியே போதுமானது. ஐஸ் வைக்கக் கூடாது. 20 நிமிடம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள், ஏனென்றால் அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நிமிடமே இருபதாகத் தோன்றும். காயம் பட்டு மூன்று மணிநேரம் வரை இப்படிக் குளிர்விப்பதால் பயனுண்டு. உடனே செய்யாமல் விட்டிருந்தாலும், வழியில் இருக்கும் ஏதேனும் ஒரு வீட்டின் குழாயடியில் நிறுத்திச் செய்யுங்கள்.

பற்பசை, மை, முட்டை வெள்ளை, தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவற்றை நாங்கள் கழுவித்தான் காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த வேதனையைக் குழந்தை இரண்டாவது முறை அனுபவிக்கிறது. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவாருங்கள். குழந்தையின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அவனது உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அதைவிடப் பெரிய எந்தக் காயத்தையும், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் எவ்வளவு சிறிய காயத்தையும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெரிய காயங்களை நாங்கள் கண்டிப் பக்கம் அனுப்ப வேண்டியிருக்கும். ரம்பொடை வழியாக 75 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதை ஏப்ரலில் எப்படி இருக்கும் என்பதை வாகனத்தில் வந்த நீங்களே அறிவீர்கள்.

இரவில் குளிர் தாங்காமல், இறைச்சி வாட்டிய கரியடுப்பைப் பிள்ளைகள் படுக்கும் அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் செய்யாதீர்கள்.

தேநீர் கொட்டிய அந்தக் குழந்தைக்கு நெஞ்சில் உடற்பரப்பின் 8 சதவீதம் சுட்டிருந்தது, ஒன்பது நாட்கள் எங்களோடு இருந்தான். தேநீரை மேசையில் வைத்தவர் அவனுடைய சித்தி. முதல் இரண்டு நாட்களும் அவர் வார்ட்டுக்குள் வரவில்லை. நடைபாதையில் உறவினர் ஒவ்வொருவராக அவரிடம் எப்படி நடந்தது என்ற அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அதை வைத்தியசாலையில் செய்யாதீர்கள். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் பிள்ளையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்த அவனுக்குப் பழகிய கைகள் எங்களுக்கு வேண்டும், தாய் ஒருத்தியால் ஒன்பது நாளும் அதைத் தனியாகச் செய்ய முடியாது. மூன்றாம் நாள் தாதியை அனுப்பி அந்தச் சித்தியை உள்ளே அழைத்துவரச் சொன்னேன்.