பழைய கார் மைலேஜ் தரவில்லையா? இன்ஜினை இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

"இன்ஜின் போச்சு, இறக்கணும்னு சொல்லிட்டாங்கண்ணே. பேசாம வித்துரவா?"

மதுரையில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழக்கம். கேட்பவரிடம் ஆல்டோவோ, வேகன்ஆரோ, சான்ட்ரோவோ இருக்கும். வண்டி வாங்கிப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். லிட்டருக்கு 15, 16 கொடுத்த வண்டி இப்போது 11-ஐத் தாண்டவில்லை என்பார். சைலன்சரில் புகை இல்லை, ஆயில் குறையவில்லை, பிக்கப்பும் பரவாயில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருப்பார்.

மைலேஜ் குறைவது ஒரு அறிகுறி. காய்ச்சல் மாதிரி. எதனால் வந்தது என்று பார்க்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது. என் அனுபவத்தில் பழைய காரின் பெட்ரோலைத் தின்பது பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றியிருக்கிற சின்னச் சின்னச் சாமான்கள்தான். பல நேரம் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

முதலில் அளந்து பாருங்கள். 500 ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு தூரம் ஓடியது என்பதெல்லாம் கணக்கே இல்லை. டேங்கை நிரப்புங்கள், பம்ப் தானாக முதல் தடவை 'டக்' என்று நிற்கிற இடத்தோடு சரி, அதற்கு மேல் திணிக்க வேண்டாம். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300, 400 கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். இரண்டு மூன்று தடவை பார்த்தபிறகுதான் அந்த எண்ணை நம்பலாம். கம்பெனி போட்டதைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். மைலேஜும் குறைந்த மாதிரி தெரியும். அலாய் வீல் போட்டவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பலருக்கு இப்போது இன்னொரு சந்தேகம்: "எத்தனால் கலந்த பெட்ரோல்தானே சார் காரணம்?" ஓரளவு உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதக் கலப்புக்குப் போகும்போது லிட்டருக்கு 3 முதல் 4 சதவீதம் சக்தி குறையும். 15 கொடுத்த வண்டி பதினாலரைக்கு வரலாம். 11-க்கு வராது. மீதிக்கு வேறு காரணம் இருக்கிறது.

எத்தனாலால் பழைய வண்டிக்கு வருகிற பெரிய தொல்லை மைலேஜ் இல்லை, ரப்பர்தான். அந்தக் காலத்துப் பெட்ரோல் ஹோஸ், வாஷர், டயாஃப்ரம் எல்லாம் இந்தக் கலப்புக்கென்று செய்தவை அல்ல. ஊறி உப்பும், அல்லது காய்ந்து வெடிக்கும். கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருகிற பழைய சாமான்) உள்ள மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் பானட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பட்டறைக்கு வாருங்கள். கசிவது மைலேஜ் மட்டுமில்லை, சூடான இன்ஜின் மேல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் இப்போது கடைகளில் கிடைக்கிறது.

நம் ஊரில் மைலேஜைக் கெடுப்பதில் நான் முதலிடம் கொடுப்பது தெர்மோஸ்டாட்டுக்கு. அதாவது, அது இல்லாமல் இருப்பதற்கு. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துவிடுகிற சின்ன வால்வு அது. சித்திரை வெயிலில் வண்டி கொதித்து நின்றதும், "இது நம்ம ஊருக்கு வேண்டாம்ணே" என்று அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். கொதிப்பது நின்றுவிடும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

ஆனால் அன்றிலிருந்து அந்த இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. நான்குவழிச் சாலையில் காற்று அடிக்க அடிக்க 60, 65 டிகிரியிலேயே நிற்கும். இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு மதுரை வெயில் தெரியாது. அது பார்ப்பது கூலன்ட் சென்சார் சொல்கிற சூட்டைத்தான். 'இன்ஜின் இன்னும் சூடேறவில்லை' என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேயும். இல்லாத இன்ஜின் வேலை இப்படித்தான் உண்டாகிறது.

குளிர்ப் பிரதேசமாக இருந்தால் காரில் ஹீட்டர் சூடாக வரவில்லையே என்று நான்கு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். மதுரையில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? அதனால் வருஷக்கணக்கில் தெரியாமலே போகிறது. நீங்களே சோதிக்கலாம். இருபது நிமிஷம் ரோட்டில் ஓட்டியபிறகு, ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். காற்று சுள்ளென்று சுட வேண்டும். வெதுவெதுப்பாக வந்தால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். திருமங்கலம் ரோட்டில் போகும்போது டெம்பரேச்சர் முள் கீழே இறங்கி, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினாலும் அதே சந்தேகம்தான்.

சரி, முதலில் ஏன் கொதித்தது? பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டரைத் திறந்தால் விடை தெரிந்துவிடும். கூலன்ட்டுக்குப் பதிலாக போர்த்தண்ணியை ஊற்றி ஊற்றி, பாத்திரத்தில் படிகிற மாதிரி உப்பு உள்ளே கெட்டியாகப் படிந்திருக்கும். தண்ணீர் போகிற வழியே பாதி அடைத்திருக்கும். இல்லையென்றால் ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்கு ஓடாது, அல்லது மூடியின் ரப்பர் போயிருக்கும். இதைச் சரிசெய்து, கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றிவிட்டு, புது தெர்மோஸ்டாட்டை மாட்டினால் எந்த அக்னி நட்சத்திரத்திலும் வண்டி கொதிக்காது. இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

அடுத்தது பிரேக். வண்டி ஓடும்போதே லேசாகப் பிடித்துக்கொண்டு இருப்பது. ஹேண்ட் பிரேக் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். அல்லது முன் சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின்கள் தூசியும் துருவும் ஏறி நகராது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிற வண்டிகளில் பின்சக்கரப் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, வண்டி கொஞ்சம் கனமாக இருக்கிற மாதிரி மட்டும் இருக்கும்.

பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் அடிக்காமல் ஓட்டி, மெதுவாக உருட்டி நிறுத்துங்கள். இறங்கி நான்கு வீலுக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு வீலில் மட்டும் அனல் அடித்தால் அதுதான் ஆள். பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பின்சக்கரம் ஒரு சுற்றாவது தானாகப் போக வேண்டும். சுற்றிவிட்ட கையோடு நின்றால் பிரேக் பிடிக்கிறது. காலிப்பர் பின்னுக்கு அதற்கென்று உள்ள கிரீஸைத்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும்.

டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் பாதி வண்டிகளில் குறைவாகத்தான் இருக்கிறது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, வண்டியோடு தந்த புத்தகத்திலோ உள்ள அளவுதான் சரி. காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் 3, 4 பவுண்ட் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கார்பரேட்டருக்குப் பதிலாக கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப் போகும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. வருகிற காற்றுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதில் அடைத்த ஃபில்டர் நேராகப் பெட்ரோலைத்தான் தின்னும். எந்த வண்டியானாலும் நேரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் இன்ஜெக்டர் வண்டியில் புது ஃபில்டரைப் போட்டுவிட்டு மைலேஜ் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது, புகையில் மிஞ்சுகிற ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஆக்சிஜன் சென்சார். அது கெட்டால் சில வண்டிகளில் 40 சதவீதம் வரைகூடப் பெட்ரோல் வீணாகும்.

அப்படிக் கெட்டால் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிய வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள் கவனமாக இருங்கள். சாவியை 'ஆன்' வரை திருப்பினால் அந்த லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால், விற்றவர்கள் பல்பையே கழற்றியிருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு ரிப்போர்ட் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட்தான். அதில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று போட்டிருக்கும். பாரத் ஸ்டேஜ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதியில் 2, 3-ஆம் நிலையில் வருகிற பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம். வரம்பை ஒட்டியோ மீறியோ இருந்தால் நீங்கள் போட்ட பெட்ரோல் முழுசாக எரியாமல் சைலன்சர் வழியாகப் போகிறது என்று அர்த்தம். வண்டியை நிஜமாகச் சோதிக்கிற இடத்தில் எடுங்கள். நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிட்டுத் தருகிற தாளில் எதுவும் தெரியாது.

ஓட்டுகிற விதத்தில் மதுரைக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது மலை இறக்கம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதும், சிறுமலையிலிருந்து இறங்கும்போதும் நியூட்ரலில் விடுவது, சிலர் சாவியையே அணைப்பது. பெட்ரோல் மிச்சமாம். இன்ஜெக்டர் வண்டியில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சுத்தமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். அதாவது நியூட்ரலில் நஷ்டம். ஆபத்து அதைவிடப் பெரிது. முழு எடையும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, ஏழெட்டு வளைவில் பிரேக் பிடிக்காமல் போகும். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு உதவுகிற வேக்குவம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்படி இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஊருக்குள் கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் எந்த வண்டியும் மைலேஜ் தராது. நீண்ட நேரம் நிற்கிறோம் என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். கிளட்ச்சில் காலை ஊன்றியபடி நகராதீர்கள். திருச்சி ரோட்டில் 100-இல் போகிற பழைய வண்டியை 75, 80-க்குக் கொண்டுவந்தாலே டேங்க் கணக்கில் வித்தியாசம் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காக ஏறுகிறது.

பெட்ரோல் பைப்பில் மாட்டுகிற காந்தம், டேஷ்போர்டுக்குக் கீழே சொருகுகிற 'மைலேஜ் சேவர்' இரண்டுக்கும் காசு தராதீர்கள். நான் பிரித்துப் பார்த்த அந்தச் சொருகு பெட்டியில் மினுக்குகிற விளக்கும் அதற்கான சர்க்யூட்டும்தான் இருந்தன.

இவ்வளவும் பார்த்தபிறகும் மைலேஜ் வரவில்லை, ஆயிலும் குறைகிறது என்றால் அப்போது இன்ஜினைச் சந்தேகப்படலாம். அதற்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்ப்பது. பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு, இல்லையென்றால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட். அந்த இரண்டுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட் போடும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.