ஸ்காலர்ஷிப் இல்லாத ஜெர்சி: வாக்-ஆன் அழைப்பு வந்தால்

‘பிரிஃபர்டு வாக்-ஆன்’ என்று கல்லூரிப் பயிற்சியாளர் சொன்னதும், பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டதாகவே பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். டெக்சாஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். டிசம்பர் வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பையன்கள் இப்போது நம் தமிழ்க் குடும்பங்களிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதிவைக்கிறேன்.

வாக்-ஆன் என்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேரும் ஆட்டக்காரர். கிடைத்திருப்பது அணியில் சேர ஓர் அழைப்பு மட்டும்தான். சாப்பாட்டை வேண்டுமானால் அணி பார்த்துக்கொள்ளும். கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்பு 2014 முதல் அதற்கு இடம் கொடுக்கிறது. ஃபீஸும் தங்கும் செலவும் குடும்பத்தின் தலையில். வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் என்றால் உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுவதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஃபீஸ் வரலாம். ஆனால் வீட்டில் கணக்குப் போடுவதற்கு முன்பே பையன் கல்லூரி ஜெர்சியில் ஒரு போஸ்டர் செய்து இணையத்தில் போட்டுவிடுகிறான். அது மதுரையில் இருக்கும் பெரியப்பாவின் வாட்ஸ்அப் வரை போன பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

பேச்சு எப்படியும் பேக்கர் மேஃபீல்டில் வந்து நிற்கும். டெக்சாஸ் டெக், ஓக்லஹோமா இரண்டிலும் வாக்-ஆனாகச் சேர்ந்தவர். 2017-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. 2018-இல், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆள். ஜே.ஜே. வாட் விஸ்கான்சினில் வாக்-ஆன். பிறகு என்எஃப்எல்லில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் வாட் அதற்கு முன் சென்ட்ரல் மிச்சிகனில் ஸ்காலர்ஷிப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். மேஃபீல்ட் டெக்சாஸ் டெக்கில் முதலாம் ஆண்டிலேயே, அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கிவிட்டுத்தான் ஓக்லஹோமா போனார். யாருக்கும் தெரியாத பையன்கள் திடீரென்று மேலே வந்த கதை இல்லை இது.

ஜார்ஜியா பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட்டையும் சொல்வார்கள். வாக்-ஆனாக வந்து, நடுவில் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய்த் திரும்பி, 2021, 2022 இரண்டு சீசன்களிலும் அணியைத் தேசிய சாம்பியன் ஆக்கினார். ஆனால் அந்த 2021 அணியின் தடுப்பு வரிசையைப் பாருங்கள். 2022 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அதிலிருந்து ஐந்து பேர் போனார்கள். அத்தனை பேரும் ஸ்காலர்ஷிப் கொடுத்து, தேடிப்பிடித்து அழைத்துவரப்பட்டவர்கள். வாக்-ஆன் ஒருவர் ஜொலிக்கலாம். வாக்-ஆன்களை நம்பி மட்டும் பெரிய கோப்பையை யாரும் தூக்குவதில்லை.

நெப்ராஸ்கா கொஞ்சம் விதிவிலக்கு. 1973-இல் என்சிஏஏ ஸ்காலர்ஷிப்புகளுக்கு 105 என்று உச்சவரம்பு வைத்து, பிறகு 95, 85 என்று குறைத்துக்கொண்டே வந்தபோது, அங்கே பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்பர்ன் வாக்-ஆன்களை ஒரு முறையாகவே வளர்த்தார். மாநிலத்தில் அதற்கு ஈடான வேறு கல்லூரி அணி இல்லை, என்எஃப்எல் அணியும் இல்லை. சின்ன ஊர்ப் பையன்கள் சொந்தச் செலவில் வந்து, ஓரிரு வருடம் உடம்பை ஏற்றிக்கொண்டு, அப்புறம் ஆடினார்கள். 1994, 1995, 1997 என மூன்று தேசியப் பட்டங்கள். அங்கே ஆடிய பேரி அல்வாரெஸ், பின்னாளில் பயிற்சியாளராக அதே வழக்கத்தை விஸ்கான்சினுக்குக் கொண்டுபோனார்.

அந்தப் பொறுமைக்கு இன்று எந்தப் பயிற்சியாளருக்கும் நேரம் இல்லை. ஒரு இடத்தில் ஆள் குறைந்தால், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் தேடுகிறார். 2021 முதல் கல்லூரி மாறி வருபவர் ஒரு வருடம் உட்காராமல் உடனே ஆடலாம். பதினெட்டு வயது வாக்-ஆனை வளர்ப்பதைவிட இருபத்திரண்டு வயது அனுபவசாலியை எடுப்பது அவருக்குச் சுலபம்.

இதற்கு மேல் 2025 ஜூனில், என்சிஏஏ மீது ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கே 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. முன்பு 85 ஸ்காலர்ஷிப்புக்கு மேல் வாக்-ஆன்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெரிய அணிகளில் 120-ஐத் தாண்டும். இடம் பறிபோகவிருந்த பழைய ஆட்டக்காரர்களுக்குச் சலுகை உண்டு. புதிதாக வருபவனுக்குக் கிடையாது. முதல் ஆட்டத்துக்குள் அணி 105-க்கு இறங்கிவிட வேண்டும். அதாவது ஆகஸ்ட் கேம்ப்பில் வியர்வை சிந்தி, ஃபீஸும் கட்டி முடித்த பிறகு அணிப் பட்டியலிலிருந்து பெயர் போகலாம்.

சரி, உள்ளே இருந்தால் என்ன வேலை? பெரும்பாலும் ஸ்கவுட் டீம். அடுத்த எதிரணியின் ஆட்டத்தைப் பயிற்சியாளர் ஒரு அட்டையில் வரைந்து தூக்கிக் காட்டுவார். பையன் எதிரணி நட்சத்திரத்தின் எண்ணை மாட்டிக்கொண்டு அதை அப்படியே ஓட வேண்டும். எதிரே நிற்பது சொந்த அணியின் முதல் வரிசை. அடிக்கு ஸ்காலர்ஷிப் பாகுபாடு தெரியாது. சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் பேருந்தில் அவனுக்கு இடம் இருக்காது. இந்த வேலை இல்லாமல் எந்த அணியும் தயாராக முடியாது என்பதால் எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு. அதற்காகக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

என்சிஏஏவின் மூன்றாம் பிரிவான டிவிஷன் மூன்றில் ஆடும் கல்லூரிகளையும் பாருங்கள் என்பேன். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் யாருக்குமே கிடையாது. ஆனால் படிப்புக்கான உதவித்தொகை தாராளமாகக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு, பையன் நிஜமாகவே களத்தில் இறங்கி ஆடுவான்.

பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். 105-க்குள் என் பையன் இருப்பானா? கடந்த சில வருடங்களில் எத்தனை வாக்-ஆன்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தீர்கள்? முழங்கால் போனால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? நீங்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். “அதெல்லாம் ஆகஸ்டில் பார்த்துக்கலாம்” என்றால் அதையும் ஒரு பதிலாகவே குறித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை முன்பணம் கட்டப் பெரும்பாலான கல்லூரிகளில் கடைசி நாள் மே 1.